அவர் தேறி வருகிறார்

ஜூன் 10

மகள் பூங்கொடி கோயமுத்தூரிலிருந்தே ஏற்பாடு செய்த பெண் இன்று காலை வந்து சேர்ந்தாள். பெயர் நிலோஃபர், பிசியோதெரபி படித்தவள். வாரத்தில் மூன்று நாள் அவள் வருவாளாம். மற்ற நாட்களில் நான் செய்விக்க வேண்டுமாம்.

"நினைவு மங்குற வியாதிக்கு உடற்பயிற்சி எதுக்குன்னு கேப்பீங்க. உடம்பு அசைஞ்சா மூளைக்கு ரத்தம் நல்லாப் போகும்மா. முழுசாக் குணமாகாது. ஆனா இருக்கறத இழுத்துப் பிடிச்சு வைக்கலாம். சில பேருக்குத் தெளிவு திரும்பி வர்றதும் உண்டு" என்றாள்.

யாருக்கு யார் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மாஸ்டர் என்றால் கோபிச்செட்டிப்பாளையத்தில் நரை விழுந்த ஆண்பிள்ளைகள்கூட இன்றைக்கும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். இப்போது நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவருக்கு ஒரு பெண் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. ஆனைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வரத்தானே செய்யும்.

கிளம்பும் முன் நிலோஃபர் என்னைக் காட்டி, "இவங்க யாருங்க ஐயா?" என்று கேட்டாள். அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

"புதுசா வந்திருக்கற நர்ஸம்மாங். தங்கமான மனுசி."

நிலோஃபர் என் தோளைத் தடவி, "மனசு விட்டுறாதீங்கம்மா" என்றாள். நான் எங்கே மனசு விட்டேன்? அவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பாவம், அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

ஜூன் 11

இட்லி, தேங்காய்ச் சட்னி. நிலோஃபர் வராத நாள். நானே நின்று "உட்காருங்க, எழுந்திருங்க" சொன்னேன். அவள் சொன்னதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே சொன்னேன். கடைசியில் அவருக்குத் தொடை நடுங்கியது. எனக்கு இன்று மத்தியானம் நல்ல தூக்கம்.

ஜூன் 15

எழுதுவது எனக்குப் பழக்கம். பேச ஆளில்லாத வீட்டில் வேறு என்ன செய்வது? பூங்கொடிக்குக் கல்யாணம் ஆகிப் போன பிறகு இந்த வீட்டில் பேசியது ரேடியோவும் நானும்தான், நானும் பாத்திரங்களோடு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் கோப்பை வாங்கிய பையன்களை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். பாயசம் அடிப்பிடித்துவிட்டது. ஒரு வாய் குடித்தார், தம்ளரை வைத்தார், பையன்கள் முன்னாலேயே கையை ஓங்கினார். எத்தனையோ தடவை விழுந்த கைதான். அன்றைக்கு என் வாயில் என்ன புகுந்ததோ, மைதானத்தில் அவர் கத்துகிற அதே குரலில் "ஹால்ட்!" என்றேன்.

கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

அதோடு சரி, அவர் என்னோடு பேசவில்லை. அடிக்கவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மறுநாளிலிருந்து விசில். ஒரு ஊதல் என்றால் சோறு. இரண்டு என்றால் வெந்நீர். நீளமாக ஊதினால் கதவைச் சாத்து. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம், "உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன். அவளும் சின்னப் பிள்ளையிலிருந்து சண்டை பார்த்த பெண், தபால்காரி மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்வாள்.

போன வருஷம் வியாதி முற்ற ஆரம்பித்த பிறகு அந்த விசிலை அவர் எங்கேயோ வைத்துவிட்டார். தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று இருந்ததையே மறந்துவிட்டார். இப்போது வாயைத் திறந்து பேசுகிறார், என்னிடமே.

ஜூன் 16

இன்று ஞாயிறு. பூங்கொடி வீடியோ போட்டாள். "ஏம்மா, அப்பா எப்படி இருக்காரு? எக்சர்சைஸ் பண்றாரா? நீ டென்ஷனாகித் திட்டாதே" என்றாள். திட்டுகிற ஆள் நான்!

அவரிடம் போனைக் காட்டினேன். "வணக்கமுங் மேடம்" என்றார். அவள் அழுதாள்.

ஜூலை 3

நிலோஃபர் இப்போது நடை பழக்குகிறாள். நடக்கும்போதே மூளைக்கும் வேலை கொடுக்க வேண்டுமாம். கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்க வேண்டும், ஏதாவது கேள்வி கேட்டுக்கொண்டே வர வேண்டும். காய்கறிப் பெயர், ஊர்ப் பெயர், எது வேண்டுமானாலும்.

"பதில் சரியா தப்பாங்கறது முக்கியமில்லம்மா. யோசிக்கணும், அதே சமயம் கால் நிக்காம நடக்கணும். அவ்வளவுதான்."

நானும் காய்கறியில்தான் ஆரம்பித்தேன். கத்தரிக்காய், பீர்க்கங்காய் சொன்னார். பீர்க்கங்காய் சொன்னதும் நின்றுவிட்டார். "அம்மிணி, என்ற ஊட்டுக்காரி பீர்க்கங்காய்த் தோல்ல ஒரு தொவையல் அரைப்பா பாருங். அந்த மாதிரி ஒருத்தரும் அரைக்க முடியாதுங்."

"இப்ப அவங்க எங்கீங்க?" என்றேன். என் குரல் எனக்கே நாடகக்காரி குரல் மாதிரி இருந்தது.

"செத்துப்போச்சுங்."

கால் நிற்கக்கூடாது என்று நிலோஃபர் சொல்லியிருக்கிறாள். அதனால் தொடர்ந்து நடந்தோம்.

ஜூலை 4

பீர்க்கங்காய்த் தோல் துவையல் அரைத்தேன். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "அவ கைப்பக்குவம் அப்புடியே இருக்குதுங் அம்மிணி" என்றார்.

அம்மிணி! எங்கள் பக்கத்தில் சந்தைக்காரிகூட அடுத்தவளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவாள். கட்டி வந்ததிலிருந்து எனக்கு இந்த வீட்டில் "ஏய்". பிறகு விசில்.

ஜூலை 12

இப்போதெல்லாம் காய்கறி, ஊர் எல்லாம் கேட்பதில்லை. கை பிடித்து நடக்கும்போது அவருடைய பெண்டாட்டியைப் பற்றித்தான் கேட்கிறேன். அவருக்கும் அதில்தான் பேச்சு வருகிறது. நிலோஃபர், "ரொம்ப நல்லா நடக்கறாரும்மா, என்ன கேக்கறீங்க?" என்றாள். "பழைய கதைங்க" என்றேன்.

இன்று தெரிந்துகொண்டவை: அவள் சிவப்பு இல்லை, ஆனால் லட்சணம். கணக்கில் கெட்டி. ஒரு தீபாவளி நோம்பிக்குக்கூட அவளுக்குப் பிடித்த நிறத்தில் அவர் புடவை எடுத்துத் தந்ததில்லை. அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். "தெரியாதுங். கேட்டதில்ல" என்றார்.

அவளுக்கு மாம்பழ மஞ்சள் பிடிக்கும்.

ஜூலை 21

இன்று கேட்டே விட்டேன். "அவங்ககூட ஏன் பேசாம இருந்தீங்க?"

வெகுநேரம் நடந்தோம். நான் கேட்டதை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். முருங்கை மரத்தடியில் நின்றார்.

"அவ ஹால்ட்னா. கை தானா நின்னு போச்சுங். பசங்க சிரிச்சதுகூடப் பரவால்லீங். அவ சொன்னா நான் நிக்கறேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு பாருங். அது பொறுக்கல."

"அப்பறம்?"

"அப்பறம் பேசலாம்னு பாத்தேனுங். வாயத் தொறந்தா மொத வார்த்தை மன்னிப்பாத்தான் வரோணும். அதுக்கு வாய் வரல. ஒரு நா தள்ளுனேன், ஒரு மாசம் தள்ளுனேன். அவ செத்தே போயிட்டா."

சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு எப்போதும் குழாய்ச் சத்தத்தில்தான் அழுகை. செத்துப்போனவளுக்குத்தான் அந்த மன்னிப்பு என்றால், பரவாயில்லை, அவள் சார்பில் நான் வாங்கிக்கொள்கிறேன். வாங்காமல் விடமாட்டேன்.

ஜூலை 29

"அம்மிணி, ஆடி அமாவாசை வருதுங்ளா? என்ற ஊட்டுக்காரிக்குத் திதி குடுக்கோணும். இது வரைக்கும் குடுத்ததே இல்ல" என்றார்.

எப்படிக் கொடுப்பார்?

ஆகஸ்ட் 4

ஆடி அமாவாசை. காலையில் தலைக்கு ஊற்றி, எனக்கான திதிச் சாப்பாட்டை நானே சமைத்தேன். வாழைக்காய் பொரியல், பூசணிக்காய்க் குழம்பு, உளுந்து வடை, பாயசம். அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அவருக்கு வேட்டி கட்டிவிட்டு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். படி ஏறினார். ஜூன் மாதம் இந்தப் படியில் ஒன்றுகூட ஏறியிருக்க மாட்டார், அந்தப் பெண்ணின் புண்ணியம். கைப்பிடிச் சுவர்மேல் இலையை வைத்துவிட்டு நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கை கூப்பினார். "சம்பூரணம்" என்றார்.

என் பேர்தான். வீட்டுக்காரர் வாயிலிருந்து என் பேரை எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. கல்யாணத்தன்று கேட்டேனோ என்னவோ.

"சம்பூரணம், வந்து உண்டுட்டுப் போ. உன்றகிட்ட ஒண்ணு சொல்லோணும்."

காக்கைகள் வந்து உட்கார்ந்தன. ஒன்று வடையைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் அதையே பார்த்தார். பிறகு கூச்சப்பட்டுக்கொண்டு, "இன்னைக்கு வேண்டாம். காக்காயெல்லாம் பாக்குது. அடுத்த அமாவாசைக்குச் சொல்றேன்" என்றார்.

கீழே வந்து அவருக்குப் பரிமாறிவிட்டு நானும் சாப்பிட்டேன். என் திதிச் சோறு எனக்கு ருசியாகத்தான் இருந்தது. அடுத்த அமாவாசை செப்டம்பர் 2, திங்கட்கிழமை.

ஆகஸ்ட் 14

நிலோஃபர் பரீட்சை மாதிரி ஒன்று வைத்தாள். தேதி, கிழமை, இது எந்த ஊர், பேனாவைக் காட்டி இது என்ன. முன்னைக்கு இப்போது நிறையத் தேவலையாம். அவளுக்கு வாயெல்லாம் பல்.

ஆகஸ்ட் 18

பூங்கொடி வீடியோவில் வந்தாள். "என்ன பூங்கொடி, இளைச்சுப்போயிட்ட?" என்றார்.

அவள் சந்தோஷத்தில் கத்தினாள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள், பக்கத்து ஃபிளாட்டுக்காரியைக் கூப்பிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். தகப்பனுக்கு மகளைத் தெரிந்தால் எந்தத் தாய்க்குச் சந்தோஷம் இருக்காது? ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை, வெயில் கிறக்கமாக இருக்கும்.

ஆகஸ்ட் 21

நடக்கும்போது அவருடைய பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். வெகு நாள் கழித்து ஊருக்கு வந்தவன் தன் வீட்டுக் கதவு எது என்று பார்ப்பது மாதிரி இருந்தது.

"அம்மிணி" என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25

பூங்கொடி நேரிலேயே வந்துவிட்டாள். அவளுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதம் செய்யலாம் என்று நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அரிசி எடுக்கிறேன் என்று போனவள், டிரம்முக்குள் கையை விட்டு, "அம்மா! அப்பாவோட விசில்! இங்க எப்படி வந்துச்சு?" என்று கூவினாள்.

எப்படி வந்ததோ. ஞாபகம் கெட்ட மனுஷர் எதை எங்கே போடுவார் என்று யார் கண்டது?

இன்றைக்கு நிலோஃபரும் இருந்தாள். "அட, பழைய தொழில் சம்பந்தப்பட்ட பொருள் கையில இருந்தா இவங்களுக்கு ரொம்ப நல்லதுங்க. குடுங்க குடுங்க" என்றாள். இருவரும் சேர்ந்து கழுவித் துடைத்து, புது நாடா கட்டி, அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மாலை போட்ட மாதிரி கைதட்டினார்கள். அவர் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் ஒரு மணிக்கு நான் சமையலறையில் இருந்தேன்.

ஒரு ஊதல்.

ஆகஸ்ட் 26

பழைய குருடி, கதவைத் திறடி.

ஆகஸ்ட் 28

நிலோஃபர் என்னைக் காட்டி, "இவங்க யாருங்க ஐயா?" என்றாள், முதல் நாள் கேட்டதைப் போலவே.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பூங்கொடியோட அம்மா."

நிலோஃபர் கைதட்டினாள். கண்ணில் தண்ணீர் அவளுக்கு. "அம்மா, கண்டுபிடிச்சுட்டாரும்மா! ரெண்டு மாசத்துல இந்த அளவுக்கு நான் யாருக்கும் பாத்ததில்ல!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவள் பாவம், ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 2

அமாவாசை. இலை போட்டுச் சமைத்து வைத்து, "மாடிக்குப் போலாங்ளா?" என்றேன். நீளமாக ஒரு ஊதல். கதவைச் சாத்தினேன்.

பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது யார் திதி கொடுப்பார்கள்? அவர் செய்ததில் தப்பில்லை. சாப்பாட்டைக் காக்கைக்கு நானே வைத்தேன்.

செப்டம்பர் 4

நிலோஃபர் வராத நாள். மழை. நடக்கவில்லை.

செப்டம்பர் 7

மழை. நடக்கவில்லை.

செப்டம்பர் 9

நிலோஃபர் கேட்டாள், "என்னம்மா, ஐயா கால் ரொம்ப இறுகியிருக்கு? நான் வராத நாள்ல நடத்தலையா?"

"மழைங்க" என்றேன்.

"மழையா? நான் ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கேன். ஒரு பொட்டு விழலையே!"

எங்கள் தெருவில் பெய்தது என்றேன். எழுபது வயசுக் கிழவி பொய் சொல்வாள் என்று அந்தப் பெண் நினைக்கவில்லை.

செப்டம்பர் 11

நிலோஃபரிடம், இந்த மாதம் பூங்கொடி வீட்டுக்குப் போகிறோம், வந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பூங்கொடி போனில் கேட்டபோது நிலோஃபர் ஒழுங்காக வருகிறாள் என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசுகிற ஆட்கள் இல்லை. அவரவருக்கு அவரவர் வேலை.

அவருக்கும் ஓய்வு வேண்டாமா? எழுபத்தாறு வயது. சாய்வு நாற்காலியை டி.வி. முன்னால் இழுத்துப் போட்டு, ஜன்னல் திரையை இறக்கி விட்டிருக்கிறேன். கண் கூசாது. எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் கைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சோறு, காப்பி, ஒன்றுக்குப் போகப் பிளாஸ்டிக் சட்டி. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்?

அடுத்து வருவது மகாளய அமாவாசை. அக்டோபர் 2. எல்லா அமாவாசைக்கும் பெரியது.

செப்டம்பர் 17

இன்று விசில் சத்தம் இரண்டு தடவைதான் கேட்டது. வெந்நீர் கொண்டுபோனால், எதற்கு ஊதினோம் என்று தெரியாமல் முழித்தார்.

செப்டம்பர் 22

ஞாயிறு. வீடியோவில், "அப்பா ஏன் டல்லா இருக்காரு?" என்றாள் பூங்கொடி. "இப்பதான் எக்சர்சைஸ் முடிச்சாரு, அசதி" என்றேன். கேமராவைச் சீக்கிரம் திருப்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 26

விசிலைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக வாங்கிக்கொண்டேன். அவர் திருப்பிக் கேட்கவில்லை, அழவும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க ஊட்டுக்காரம்மா எங்கீங்க?" என்றேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பரவாயில்லை, வந்துவிடும். இதற்கு முன்னாலும் இப்படித்தானே, ஒருநாள் திடீரென்று வந்தது.

செப்டம்பர் 30

"அம்மிணி" என்றார்!

டி.வி.யில் வந்த பெண்ணைப் பார்த்துச் சொன்னாரோ, என்னைப் பார்த்தோ. என்னைத்தான். மாம்பழ மஞ்சள் புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 2

சமைத்து முடித்துப் பத்து மணிக்கு அவரை மாடிக்குக் கூட்டிப்போனேன். பாதிப் படியில் கால் தடுமாறிவிட்டது. நான் ஒரு கையில் இலை வைத்திருந்தேன். ஒரு கையால் எவ்வளவு பிடிக்க முடியும்?

ஆஸ்பத்திரி. இடுப்பு எலும்பு.

அக்டோபர் 9

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் பூங்கொடியிடம், "தொடைத் தசையே இல்லையே, படுத்தே கெடந்தாரா?" என்று கேட்டாராம். பூங்கொடி என்னைப் பார்த்தாள். வயசான உடம்பு என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. சிலவற்றைக் கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

நவம்பர் 3

என்னால் தூக்கிப் புரட்ட முடியாது என்று பூங்கொடி அவரை ஈரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டாள். தனி அறை, சுத்தமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பஸ்ஸில் போய் வர ஒரு பொழுது ஆகிவிடுகிறது.

போய்ப் பார்த்தால் அங்கே நிலோஃபர்! வாரத்தில் இரண்டு நாள் அந்த இல்லத்துக்கும் வேலைக்குப் போகிறாளாம். "கோயமுத்தூர் போறேன்னு போனவங்க, அப்பறம் கூப்புடவே இல்லையேம்மா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. என் கையை மட்டும் இன்றைக்கு அவள் பிடிக்கவில்லை.

நவம்பர் 20

இப்போது அவர் பேசுகிறார். ஓயாமல் பேசுகிறார். கூட்ட வருகிற பையனிடம், "ஏனுங் தம்பி, எந்த ஊருங்?" அடுத்த அறைக் கிழவரிடம், "உண்டாச்சுங்ளா?" சோறு ஊட்டுகிற பெண்ணை அம்மிணி, அம்மிணி என்று பத்துத் தடவை. யாரையும் அடையாளம் தெரியவில்லை, எல்லோரையும் பிடித்திருக்கிறது. பூங்கொடி போனால், "வாங் மேடம், உக்காருங்" என்கிறார்.

நான் கதவைத் திறந்து உள்ளே போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆயா, "தூக்கம் வருது போல" என்றாள். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவருடைய முதுகை எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷம் பார்த்த முதுகு. அது தூங்குகிற முதுகு இல்லை.

அப்படியென்றால் அந்த இல்லத்தில் அவருக்கு அடையாளம் தெரிகிற ஒரே ஆள் நான்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்திலிருந்தவள், "ஏனக்கா சிரிக்கறீங்?" என்று கேட்டாள்.

டிசம்பர் 6

இல்லத்தில் கூப்பிட்டனுப்பினார்கள். பூங்கொடியும் வந்திருந்தாள். அறையில் அவர் படுத்திருந்தார், என் குரல் கேட்டதும் வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

நிலோஃபர்தான் பேசினாள். "எங்க ஆளுங்க கம்மிம்மா. யாராச்சும் ஒருத்தரையாவது அடையாளம் தெரியறவங்களத்தான் இங்க பயிற்சிக்கு எடுக்கறோம். மத்தவங்களுக்குச் சாப்பாடு, சுத்தம், படுக்கை. அவ்வளவுதான். ஐயாவுக்கு மகளைத் தெரியல. உங்களையாச்சும் தெரியுதாம்மா? அவர் ஏதாவது காட்டுனாரா?"

ஆமாம் என்று சொன்னால் எழுப்பி நடத்துவார்கள். நடந்தால் தெளிவார். தெளிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால் இப்படியே படுத்து, இன்னும் கொஞ்சம் கீழே போவார். கீழே போனால் ஒருநாள் என்னையும் மறப்பார். மறந்தால் நானும் ஒரு அம்மிணி.

பூங்கொடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலைங்க" என்றேன். "என்னையும் தெரியல."

நிலோஃபர் தலையசைத்தாள். பூங்கொடி மூக்கை உறிஞ்சினாள். சரி, கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

"பொய் சொல்றா."

சுவரைப் பார்த்தபடியேதான் சொன்னார். நிலோஃபர் கட்டிலருகே ஓடினாள். "என்னங்க ஐயா? என்ன சொன்னீங்க?"

அவர் திரும்பினார். நிலோஃபரை மட்டும் பார்த்தார். "என்ற பொண்டாட்டிதானுங் அவ. தெரியலைன்னு பொய் சொல்றா. கேட்டுப்பாருங்."

பூங்கொடி அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள். "அம்மா, அப்பாவுக்கு உன்னைத் தெரியுதும்மா! எங்க யாரையும் தெரியாம உன்னைத் தெரியுதே!" அறை வாசலில் ஆயாக்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி, புருஷன் பெண்டாட்டி பாசம்னா இதுதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இல்லத்து மேடம் வந்து, நான் தினமும் வந்தால் நல்லது என்றார். என்னிடம்தான் அவருக்கு ஏதோ பிடி இருக்கிறதாம், நானே கையைப் பிடித்து நடத்த வேண்டுமாம். பக்கத்திலேயே தங்கிக்கொள்ள அறை தருகிறேன் என்றார். பூங்கொடி நான் வாயைத் திறக்கும் முன்னால் சரி என்றுவிட்டாள்.

டிசம்பர் 16

அறைக்கு வந்துவிட்டேன். அவருடைய அறைக்கு அடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது.

டிசம்பர் 30

அமாவாசை.

காலை ஒன்பது மணிக்கு வராந்தாவில் நடை. ஒரு பக்கம் கம்பி, ஒரு பக்கம் நான். நிலோஃபர் எதிரில் எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்தாள். "கேளுங்கம்மா, ஏதாவது கேட்டுட்டே வாங்க. அவர் பதில் சொல்லாட்டியும் விடாதீங்க" என்றாள்.

கேட்டேன். "காக்காயெல்லாம் பாக்குதுன்னீங்க. அடுத்த அமாவாசைக்குச் சொல்றேன்னீங்க. எத்தன அமாவாசை போச்சு? இன்னைக்கும் அமாவாசைதான். இங்க காக்கா இல்ல. சொல்லுங்க."

நடந்தார். நின்றார். அவர் கண்ணைப் பார்த்தேன், நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சத்தியமாகத் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தார்.

"அம்மிணி," என்றார் நிலோஃபரிடம், "அந்தப் பொம்பளைய வாய மூடிட்டு நடக்கச் சொல்லுங்."

"முழு வாக்கியம்!" என்று நிலோஃபர் குதித்தாள். "கேட்டீங்களாம்மா? முழு வாக்கியம் பேசிட்டாரு! தேறிட்டு வர்றாரு!"

ஆமாம் என்றேன். வாயை மூடிக்கொண்டு நடந்தேன். பிடித்திருந்த கையை மெல்ல இறுக்கினேன். இன்னும் இறுக்கினேன். கிழட்டுக் கை, எலும்பும் தோலும், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வலித்திருக்கும், நன்றாகவே வலித்திருக்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. விடு என்று ஒரு வார்த்தை என்னிடம் சொன்னால் அந்த நிமிஷமே விட்டிருப்பேன்.

வராந்தாவின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். அவர் சொல்லவில்லை.